ஆர்க்கிட்டின் நெற்றியில் சந்தனம்

நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்குத் தலைகால் புரியாமல் போகலாமா? கூடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் லேப் அசிஸ்டென்ட் வேலை. வீட்டில் நானும் அம்மாவும். அக்காக்கள் இருவரின் கல்யாணம், பிறகு மில் வேலை போன அப்பாவின் வைத்தியம், கடைசிக் காரியம் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலையில் பாதி முடி இல்லை. அம்மா என் ஜாதகத்தைப் பரணில் ஏற்றிவிட்டாள். எனக்கும் அதில் பெரிய வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, சாப்பிட்டதும் தூக்கம், இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று ஊருக்கே உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஓர் ஏப்ரல் மாதம் ஸ்கூட்டரில் ஆர்க்கிட் செடி ஒன்று வந்தது. செடியைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த ஸ்கூட்டரை ஓட்டி வந்தவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவர் எங்கள் கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் மேடம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, டவுனில் அவர்கள் விட்டுப்போன மாடி வீட்டில் தனியாக இருந்தார். என்னைவிட மூன்று வயது சின்னவர். கல்யாணம் என்று ஒன்று நடந்து, ஒரு வருடத்துக்குள் அது முடிந்துபோயிருந்தது. கல்லூரியில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதாவது அவர் எதிரில் பேச மாட்டார்கள்.

எங்கள் கல்லூரியில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழல் நாலைந்து வண்டிக்குத்தான் போதும். நான் காலையிலேயே வந்துவிடுவதால் என் வண்டி எப்போதும் நிழலில் நிற்கும். அவருக்கு முதல் வகுப்பு தாமதமாகத்தான், அதனால் அவர் வண்டி எப்போதும் வெயிலில். ஒரு மே மாதம் மத்தியானம் அவர் சீட்டில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து நின்றதை லேப் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மறுநாளிலிருந்து, அவர் வண்டி கேட்டுக்குள் நுழைவதைக் கண்டதும் படி இறங்கி ஓடிப்போய் என் வண்டியை வெயிலுக்குத் தள்ளிவிட்டு நிற்பேன். அவர் நிழலில் நிறுத்திவிட்டு, "மெர்சி சார்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். நான் தலையாட்டுவேன். மூன்று வருடம் எங்களுக்குள் நடந்த பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான். என் வண்டி சீட்டு வெயிலில் வெடித்துப் பஞ்சு வெளியே வந்துவிட்டது. அம்மா அதற்கு ஒரு பழைய துண்டைக் கட்டிவிட்டாள்.

அந்த ஏப்ரலில் ஒருநாள் அவர் லேபுக்கே வந்தார்.

"சார், எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா?"

கையில் திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய், பிப்பெட், இருந்தது. கீழே போடாமல் இருந்தேனே, அதுவே பெரிய காரியம்.

பிரான்சில் இருக்கும் அண்ணனுக்கு இதயத்தில் ஆபரேஷன். அண்ணி வேலைக்குப் போகிறவர். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிப்ரவரி வரை நீண்ட விடுப்பில் போகிறார். வீட்டைப் பூட்டிவிடலாம், வண்டியை மூடி வைக்கலாம், ஆனால் ஓர் ஆர்க்கிட் இருக்கிறது, அதை என்ன செய்வது?

"கொல்லையில வளர்ற செடியா இருந்தா யார்கிட்டயாவது விட்டிருப்பேன். இது அப்படி இல்ல. பாசம் வெக்கிறேன்னு தண்ணிய ஊத்தியே கொன்னுடுவாங்க. நீங்க சொட்டு சொட்டா அளந்து ஊத்துற ஆளு."

என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு சரியாக யாரும் புகழ்ந்ததில்லை. அன்று சாயங்காலமே ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவில் செடியை நிறுத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே மண்ணுக்குப் பதில் மரப்பட்டைத் துண்டுகள். தடித்த இலைகள் ஆறு. வளைந்த தண்டின் நுனியில் மூன்று வெள்ளைப் பூக்கள், நடுவில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

கிழக்குப் பார்த்த ஜன்னலில் வைக்கச் சொன்னார். நேர் வெயில் கூடாது. வாரம் ஒருமுறை தொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக வடியவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். தொட்டிக்குள் தெரியும் வேர் வெள்ளிக் கம்பி போல வெளுத்திருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும் என்று அர்த்தம். "மார்கழிக் குளிர் பட்டாத்தான் மொட்டுத் தண்டு விடும். நான் பிப்ரவரில வரும்போது பூத்திருக்கும்" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் போன பிறகு அம்மா தொட்டியைக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"மண்ணே இல்லாம எப்படிடா உயிரோட இருக்கும்?"

"அது மரத்துமேல வளர்ற ஜாதிம்மா. காத்துல இருக்கறதயே எடுத்துக்கும்."

"காத்த குடிச்சிட்டு ஒரு செடி, அதப் பாத்துக்கினு ஒரு ஆளு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவர் விமானம் ஏறிய வாரமே முதல் பூ விழுந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாவது பூவும் விழுந்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வெறும் தண்டைப் படம் எடுத்து அனுப்பினேன். 'மன்னிக்கவும் மேடம்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'பயப்படாதீங்க சார். பூத்து முடிச்சிட்டு ஓய்வெடுக்குது. அடுத்த வாரமும் படம் அனுப்புங்க.'

அடுத்த வாரமும் படம் அனுப்புங்க. அந்த நான்கு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். காய்கறி வாங்கக் கடைக்குப் போனவன் வெறும் பையோடு திரும்பி வந்தேன்.

அதன் பிறகு என் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான், அது ஞாயிறு. காலையில் செடிக்குக் குளியல். எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம், அது வேருக்கு ஆகாது என்று ஆர்க்கிட் வளர்ப்பு வீடியோ ஒன்றில் சொன்னதால் கேன் தண்ணீர். அம்மாவுக்கு அதில் பெரிய மனத்தாங்கல். "நாம குடிக்கிறது குழாத் தண்ணி. மகாராணிக்குக் கேன் தண்ணி." வடிந்த பிறகு படம். பிரான்சில் விடிந்ததும் பதில். பதிலுக்கு ஒரு பதில். இப்படியே இலையில் தொடங்கி அண்ணன் பிள்ளைகள் என்ன சாப்பிட அடம்பிடிக்கிறார்கள் என்பது வரை பேச்சு போகும். சொல்ல விஷயம் இல்லாத வாரங்களில் நானே விஷயத்தை உண்டாக்கினேன். 'நாலாவது இலை ஜன்னல் பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது மேடம்' என்று எழுதுவேன். 'எல்லா இலையும் ஜன்னல் பக்கம்தான் சாயும் சார்' என்று வரும். ஆசை வெட்கம் அறியாது என்று தெரியாமலா சொன்னார்கள்.

கத்திரி வெயிலில் நான் பட்ட பாடு செடி பட்டிருக்காது. அம்மாவின் பழைய வாயில் புடவையை ஜன்னலுக்குத் திரையாகக் கட்டினேன். தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்தேன். மின்சாரம் நின்றால் எனக்கு விசிறிக்கொள்வதற்கு முன் அதற்கு விசிறினேன். ஜூன் கடைசியில் நடுவிலிருந்து ஒரு புது இலை மூக்கை நீட்டியது. அன்றைக்கு லேபில் பையன்கள் உப்புச் சோதனையை மொத்தமாகச் சொதப்பியும் யாரையும் திட்டவில்லை. "சார் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

பட்டைத் துண்டுகள் மக்கிப்போகும், நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கரித்துண்டும் தேங்காய் மட்டையும் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பும் வழியில் பூக்கடை வரிசையில் கட்டுக்கட்டாக ஆர்க்கிட் நின்றது. ஊதா நிறம், கல்யாண மேடைக்குக் கட்டுவது. சும்மா நின்று பார்த்தேன்.

"மேடைக்கா, காருக்கா?" என்று பூக்காரம்மா கேட்டார்.

"சும்மாதான் பாக்கறேன்."

"சும்மா யாரும் இந்தப் பூவ பாக்க மாட்டாங்க. யாருக்குக் கல்யாணம்?"

நான் நடையைக் கட்டினேன். காது இரண்டும் கொதித்தன. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் என் வாயெல்லாம் பல்லாக இருந்ததை எதிர் சீட்டுக் குழந்தை முறைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படத்துக்குப் பதில் எழுதவில்லை, போனே செய்துவிட்டார். குரல் களைத்திருந்தது. அண்ணன் தேறிவிட்டார். இப்போது அண்ணனுக்கு வேறு யோசனை. பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்து வைத்திருக்கிறார். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளைகளும் அத்தை அத்தை என்று ஒட்டிக்கொண்டார்கள். இங்கேயே இருந்துவிடு என்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"யோசிக்கறேன்னு சொல்லிருக்கேன். அண்ணன் கேக்கறதும் நியாயம்தான சார்? அங்க எனக்குன்னு என்ன இருக்கு? உங்க வீட்ல இருக்கற செடி ஒண்ணுதான்."

போனை வைத்த பிறகு நான் அந்தச் செடியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏழு இலை, கொஞ்சம் வேர், கொஞ்சம் தேங்காய் மட்டை. அவரைப் புதுச்சேரிக்குத் திரும்ப அழைக்க என்னிடம் இருந்தது அவ்வளவுதான். இது பிழைத்துப் பூத்தால் அவர் வர ஒரு காரணம் இருக்கும். இது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். ஒரு லேப் அசிஸ்டென்ட் எந்த முகாந்திரத்தில் பிரான்சுக்குச் செய்தி அனுப்புவான்?

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று அம்மாவின் கையிலிருந்து எந்தப் பொருளும் தப்பாது. கேஸ் அடுப்பு, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, துண்டு கட்டிய என் ஸ்கூட்டர், அப்பா மில்லுக்கு எடுத்துப்போன டிபன் கேரியர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. நான் வண்டியைக் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அம்மா ஜன்னலருகே நின்றிருந்தாள். செடியின் ஒவ்வோர் இலையிலும் ஒரு பொட்டு. இலைகள் எல்லாம் கூடும் நடுக்குருத்தில், நெற்றியில் வைப்பது போல, பெரிதாக ஓர் உருண்டைச் சந்தனம். அதன்மேல் குங்குமம். அதன்மேல் பூஜைச் செம்பிலிருந்து மூன்று தரம் தண்ணீர் தெளித்திருந்தாள்.

"இதுக்கும் ஒண்ணு வெச்சேன். இது வந்ததுலேர்ந்து நீ சிரிச்ச முகமா இருக்க" என்றாள்.

அம்மா இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. பொட்டும் பூவுமாக நின்ற செடியைப் படம் எடுத்து அனுப்பினேன். 'ரொம்ப அழகா இருக்கு. எனக்கும் சேத்துக் கும்பிட்டீங்களா?' என்று பதில் வந்தது. ஆர்க்கிட்டின் நடுக்குருத்தில் ஈரம் தங்கக் கூடாது என்பது மூன்று பேரில் ஒருவருக்காவது தெரியும். சாமி காரியம் என்பதால் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பூஜைக்குப் பிறகு அந்தச் சந்தனத்தைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியே துணி காயவில்லை, உள்ளே சந்தனம் காயவில்லை. விடாமல் கொட்டிய ஒரு வாரத்துக்குப் பிறகு, ஜூனில் பிறந்த அந்தப் புது இலையைத் தொட்டேன். தொட்ட கையோடு வந்துவிட்டது. அடியில் கறுப்பாக, கொழகொழவென்று, ஒரு கெட்ட வாடை. குருத்து அழுகிவிட்டது. இந்தச் செடிக்கு இலை வருவது அந்த ஒரு இடத்திலிருந்துதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

லேபில் வேலை பார்ப்பவன் என்பதால் செய்ய வேண்டியதைச் செய்தேன். பிளேடை நெருப்பில் காட்டி, அழுகியதைச் சுரண்டி எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தில் பட்டைத் தூளை அப்பினேன். பிரியாணிக்குப் போடும் அதே பட்டைதான், பூஞ்சைக்கு ஆகாதாம். வீடு முழுக்கக் கல்யாணப் பந்தி வாசனை. அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவள் அன்று டீவி போடாததிலிருந்தே தெரிந்தது.

ஞாயிறு வந்தது. போனை எடுத்தேன், எழுதினேன், அழித்தேன். 'மேடம், ஒரு விஷயம்' என்று தொடங்கினேன். அழித்தேன். 'செடிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தேன். அம்மா எதிரில் வந்து கையை நீட்டினாள்.

"போன் போட்டுக் குடு."

"யாருக்கு?"

"அந்தப் பொண்ணுக்குத்தான். வெச்சவ நானு. நீ ஏன் முழிக்கற?"

வேண்டாம் என்பதற்குள் அவளே பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டாள். அங்கே மணி அடித்தது. எடுத்தார்.

"நான் அவன் அம்மா பேசறேம்மா. உன் செடிய நான்தான் கெடுத்துட்டேன். உச்சில சந்தனம் வெச்சேன், அழுவிப் போச்சு. புள்ள மேல கோவப்படாத. கரண்டு போனா தனக்கு விசிறிக்காம அதுக்குத்தான் விசிறுவான்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"வேர் பச்சையா இருக்குதாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"பச்சையா இருக்குதாம்."

"அப்ப உயிர் இருக்கு. விட்டுடாதீங்க." கொஞ்சம் நிறுத்தி, "நானும் தான் அந்தப் படத்தப் பாத்தேன். அழகா இருக்குன்னு சொன்னேனே தவிர, துடைக்கச் சொல்லத் தோணலியே" என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இருவரும் பேசினார்கள். முருங்கைக்கீரை அங்கே கிடைக்கிறதா, குளிருக்குக் காலில் என்ன போட்டுக்கொள்கிறாய், அண்ணிக்கு எந்த ஊர் என்று அம்மா கேட்கிறாள், அவர் சொல்கிறார், சிரிக்கிறார். போன் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறு ஞாயிறும் அப்படித்தான். "அவனா? இருக்கான், இங்கதான் நிக்கறான்" என்று எனக்கு ஒரு வரி ஒதுக்குவாள். பொறாமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிணற்றடியில் துணி துவைக்கும்போது நான் விசிலடித்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள்.

மார்கழி பிறந்தது. மொட்டை மண்டையோடு நின்ற செடிக்காகக் காலையில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். குளிர் என்று நம் ஊரில் வருவது கொஞ்சம்தான், வந்த வரைக்கும் அதற்குக் கிடைக்கட்டும் என்று. ஒரு நாள் கீழ் இலையின் இடுக்கில் பச்சையாக ஒரு புள்ளி. வேரா, மொட்டுத் தண்டா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வேர் என்றால் நுனி உருண்டிருக்கும். இது கூராக இருந்தது. தண்டுதான். குருத்து போன செடி கடைசியாக ஒருமுறை பூப்பதுண்டு என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். சந்தோஷத்தில் அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். "இடுப்பு போச்சு, இறக்குடா" என்றாள். இறக்கிவிட்ட பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளும் குனிந்து பார்த்தாள்.

"பூவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கன்னு. தாய் மரம் போனா பக்கத்துல விடுமே வாழ, அந்த மாதிரி."

"இது வாழை இல்லம்மா."

"நீ வேணா பாரு."

அந்த ஞாயிறு மூவரும் விவாதித்தோம். நான் பூ என்றேன், அம்மா கன்று என்றாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தெரியலியே, ஆனா பூவா இருந்தா நல்லா இருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? தினமும் கல்லூரிக்குப் போகும் முன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் அதன் முன்னால் நின்றேன். பொங்கலுக்குப் பிறகு அந்தப் பச்சைக் கூர் மெல்லப் பிரிந்தது. பிரிந்து, இரண்டு குட்டி இலையாக நின்றது. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகம் அளவு.

ஜெயித்தவள் அம்மா. காபி போட்டு வந்து கையில் கொடுத்தாள்.

பிப்ரவரியில் அவர் திரும்பி வரப் பதிவு செய்திருந்த டிக்கெட் இருந்தது. அதை ரத்து செய்யச் சொல்லி அண்ணன் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் எழுதினார். 'சார், பூ வருமா?'

நான் மழுப்பவில்லை. 'வராது மேடம். அம்மா சொன்னதுதான் சரி. பக்கக் கன்று வந்திருக்கிறது. இது பெரிதாகிப் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம்' என்று எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஞாயிறு போன் அடித்தும் எடுக்கவில்லை. அம்மா முதல் முறையாக, "ஏண்டா, நான் அன்னிக்கே கன்னுன்னு சொல்லாம இருந்திருக்கலாமோ?" என்று கேட்டாள். நான் சிரிக்க முயன்றேன். கல்லூரியில் அவர் வழக்கமாக வண்டி நிறுத்தும் நிழலில் யாரோ ஒரு புது ஆள் நிறுத்தத் தொடங்கியிருந்தார். அவரோடு காரணமே இல்லாமல் சண்டை போட்டேன்.

வாரக் கடைசியில் அம்மாவின் பழைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. எனக்கு இல்லை, அம்மாவுக்கு. அந்த எண்ணை எந்த ஞாயிற்றில் அவருக்குக் கொடுத்தாளோ. 'ஊருக்கு வந்துட்டேம்மா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாமா?'

அந்த ஞாயிறு நான் சட்டையை மூன்று தடவை மாற்றினேன். அம்மா வடைக்கு ஊறப்போட்டாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்குப் போகாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. திரும்பி உள்ளே வந்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஜன்னலுக்குப் போயிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். தொட்டியின் முன் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் குட்டி இலைகளை விரல் நுனியால் தொட்டார்.

"இதுவா?"

"இதுதான் மேடம்."

"இது பூக்கறதுக்கு நிஜமாவே அவ்ளோ நாள் ஆகுமா?"

"ரெண்டு வருஷம். மூணும் ஆகலாம்."

அவர் செடியைப் பார்த்தபடியே பேசினார். "பூத்திருந்தா, பாத்துட்டு, யாருக்காவது குடுத்துட்டுத் திரும்பிப் போயிருப்பேன் சார். அந்த வேலைய வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அடுப்படியில் எண்ணெய் காயும் சத்தம் கேட்டது.

"என் வீட்டு ஜன்னல் எல்லாம் மேற்கு பாத்தது. சாயங்கால வெயில இந்தக் கன்னு தாங்காது. இது இங்கயே இருக்கட்டும்."

"சரி மேடம்."

"ஆனா டவுன்லேர்ந்து தினமும் என்னால வந்துட்டு வந்துட்டுப் போக முடியாது."

"நீங்க ஏன் மேடம் சிரமப்படணும்? நான் பாத்துக்கறேன். முன்ன மாதிரியே வாரா வாரம் படம் அனுப்பறேன்" என்றேன் நான்.

கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"டேய், மரமண்ட. அந்தப் பொண்ணு செடியப் பத்தியா பேசுது?"

நான் அம்மாவைப் பார்த்தேன், செடியைப் பார்த்தேன், கடைசியாகத்தான் அவரைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. கண் கலங்கியிருந்தது. ஆனால் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டும் இருந்தார். எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நானும் தொட்டிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இது பூக்கற வரைக்கும், அந்த மூணு வருஷமும், இப்படியே மேடம் மேடம்னுதான் கூப்பிட்டுட்டு இருப்பீங்களா?" என்று கேட்டார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாததா? கல்லூரி வருகைப் பதிவேட்டில், போன் திரையில், மனசுக்குள் என்று நான் படிக்காத நாள் இல்லை. வாய் விட்டுச் சொன்னதுதான் இல்லை. முதல் தடவை சொன்னபோது குரல் பாதியில் நின்றுவிட்டது. வடை கருகுது என்று அம்மா உள்ளே ஓடினாள். இரண்டாம் தடவை முழுசாக வந்தது.